மூன்று நானோமீட்டர்: அயனம்பாக்கம் குறிப்புகள்

5 மெகாஹெர்ட்ஸ், 10 மி.மீ. விட்டம். சென்னை அம்பத்தூர் தொழில் எஸ்டேட்டில் யூ.டி. என்கிற மீயொலிச் சோதனை செய்யும் எந்த இடத்துக்குப் போனாலும் இப்படி ஒரு புரோப் மேசைமேல் இருக்கும். வெல்டிங் பார்க்க, வார்ப்பு பார்க்க, தகட்டின் தடிமன் பார்க்க. அது வேலை செய்யும்போது அதன் முகம் எவ்வளவு அசைகிறது? முகத்தின் வேகம் நொடிக்கு 10 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீரில் அந்த வேகம் ஏறத்தாழ ஒன்றரை வளிமண்டல அழுத்தத்தை எழுப்பும். அப்போது முகம் தன் இடத்தைவிட்டு நகரும் தூரம் 3.2 நானோமீட்டர்தான். தலைமுடியின் தடிமனில் சுமார் இருபதாயிரத்தில் ஒரு பங்கு.

இந்த அசைவை முகத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் அளந்து வைத்துக்கொண்டால், புரோப்புக்கு முன்னால் எந்த இடத்தில், எந்தக் கணத்தில், எவ்வளவு அழுத்தம் என்பதைக் கணக்கிலேயே சொல்லிவிடலாம். இரும்புக்குள் கருவியை நுழைத்துப் பார்க்க முடியாது. உடலுக்குள்ளும் முடியாது. முகத்தை மட்டும் பார்த்தே உள்ளே நடப்பதை அறிய முடிகிறது என்பது எனக்கு இன்றைக்கும் வியப்பாகத்தான் இருக்கிறது.

*

கணக்கு ரேலி பிரபுவுடையது. 1872இல் உடம்பு தேறுவதற்காக நைல் நதியில் படகில் போனபோது அவர் எழுதத் தொடங்கிய ஒலியியல் நூல் 1877, 1878இல் இரண்டு பாகங்களாக வந்தது. மீயொலிப் புரோப் என்று ஒன்று இல்லாத காலம். ஆனாலும் இன்று நாம் கணினியில் போடுவது அவர் எழுதிய தொகையீடுதான்.

சொற்களில் எழுதிப் பார்க்கிறேன். முகத்தைச் சின்னச் சின்னச் சதுரங்களாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு சதுரமும் தனக்கு முன்னால் அரைக்கோளமாக ஓர் அலையை அனுப்புகிறது. சதுரத்தின் வேகம் எவ்வளவு சடுதியில் மாறுகிறதோ அவ்வளவு வலிமை அந்த அலைக்கு. தூரம் இரு மடங்கானால் வலிமை பாதியாகும். நமக்கு வேண்டிய புள்ளிக்கு ஒவ்வொரு சதுரத்திலிருந்தும் அலை வந்து சேரும் நேரம் வேறு வேறு. அந்தத் தாமதங்களோடு எல்லாவற்றையும் கூட்டினால் அந்தப் புள்ளியின் அழுத்தம்.

இரண்டு நிபந்தனைகள் உண்டு. முகம் தட்டையாக இருக்க வேண்டும். அதைச் சுற்றி அசையாத பெரிய சுவர் இருப்பதாகக் கொள்ள வேண்டும். கிண்ணம் போலக் குழிந்த, ஒலியைக் குவிக்கும் முகத்துக்கு இந்தக் கணக்குச் சரியாகப் பொருந்தாதுதான். ஆனால் அலைநீளத்தைவிடக் கிண்ணம் மிகப் பெரிதாக இருந்தால் பிழை சிறிது. 1949இல் ஓ'நீல் இப்படிக் கணக்கிட்டுக் காட்டினார். அன்றிலிருந்து எல்லாரும் அப்படியே செய்கிறார்கள்.

*

புத்தகத்துப் பிஸ்டனைப் பற்றி.

பாடப்புத்தகங்களில் புரோப்பின் முகம் ஒரு பிஸ்டன். எல்லாப் புள்ளியும் ஒரே வேகத்தில், ஒரே கணத்தில் அசையும். யூ.டி. லெவல் டூ தேர்வுக்குப் படிக்கும் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்யும் சூத்திரம் இதிலிருந்து வந்ததுதான்: விட்டத்தின் வர்க்கத்தை நான்கு மடங்கு அலைநீளத்தால் வகுத்தால் அண்மைப் புலத்தின் நீளம். நம் 10 மி.மீ. புரோப்புக்குத் தண்ணீரில் 84 மி.மீ., எஃகில் 21 மி.மீ. அதற்கு அப்பால் ஒலி விரியத் தொடங்கும். எஃகில் அந்த விரிவு இருபுறமும் எட்டு டிகிரிக்குக் கொஞ்சம் மேல்.

அண்மைப் புலத்துக்குள் நடப்பது தனிக்கதை. தண்ணீரில் முகத்துக்கு நேர் எதிரே, நடு அச்சில், 42 மி.மீ. தூரத்தில் பிஸ்டனின் அழுத்தம் சுழி. இடைவிடாமல் ஒலி எழுப்பிக்கொண்டே இருந்தாலும் அந்தப் புள்ளியில் ஒன்றுமில்லை. அதையும் தாண்டி 84 மி.மீ.க்குப் போனால், முகம் நேரடியாக எழுப்பும் அழுத்தத்தைப் போல இரண்டு மடங்கு.

இதற்குக் காரணம் எளிது. அச்சில் நிற்கும் ஒருவருக்குப் பிஸ்டனிலிருந்து இரண்டே அலைகள்தான் வந்து சேர்கின்றன. ஒன்று முகத்திலிருந்து நேராக வருவது. இன்னொன்று விளிம்பு முழுவதிலிருந்தும் ஒரே நேரத்தில் வந்து சேர்வது. அது தலைகீழாக வருகிறது. இரண்டுக்கும் பாதைத் தூரத்தில் உள்ள வித்தியாசம் ஒரு முழு அலைநீளம் என்றால் ஒன்றை ஒன்று அழிக்கும், அரை அலைநீளம் என்றால் கூடிக்கொள்ளும். நடுவில் உள்ள ஆயிரக்கணக்கான சதுரங்களின் பங்களிப்பெல்லாம் தமக்குள்ளேயே அடித்துப்போய், கடைசியில் மிஞ்சுவது மையமும் விளிம்பும் மட்டுமே.

ஆகவே விளிம்பு எப்படி அசைகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. பிஸ்டனின் விளிம்பு கூர்மையாக நிற்கிறது: உள்ளே முழு வேகம், ஒரு மயிரிழை தள்ளிச் சுழி. உண்மைப் புரோப்பில் விளிம்பு அப்படி இல்லை. படிகத்தைக் கூட்டுக்குள் ஒட்டியிருப்பார்கள். ஓரத்தில் பசை தடித்திருக்கும், அசைவு மெல்ல மெல்ல அடங்கும். விளிம்பு அலை தளர்ந்துபோகும். சுழியாக இருக்க வேண்டிய 42 மி.மீ.யில் சுழி இருக்காது. அண்மைப் புலமும் சூத்திரம் சொன்ன இடத்துக்கு முன்பே முடிந்துவிடும்.

அந்தச் சூத்திரத்தில் புரோப் என்ற பொருளே இல்லை. விட்டம் என்ற ஓர் எண் மட்டும்தான் இருக்கிறது. பத்து வருடம் கைபட்டுத் தேய்ந்த புரோப்பும் நேற்றுப் பெட்டி பிரித்த புரோப்பும் அதற்கு ஒன்றே.

*

முகம் ஏன் ஒரே மாதிரி அசைவதில்லை? பட்டியல் போடாமல் நினைவில் வரும் வரிசையில்: பின்பக்க எலெக்ட்ரோடில் கம்பியைச் சாலிடர் வைத்த புள்ளி கனமாக இருக்கும். பின்னால் ஊற்றிய எபாக்சியில் டங்ஸ்டன் தூள் ஒரு பக்கம் படிந்திருக்கலாம். முன்னால் உள்ள தேய்மானத் தகடு சாய்ந்து தேய்ந்திருக்கலாம். இவை குறைகள், நல்ல கைவேலையால் தவிர்க்கக்கூடியவை. தவிர்க்க முடியாதது ஒன்று உண்டு. படிகத் தகட்டைத் துடிக்கவைத்தால் அதன் ஓரத்திலிருந்து மையத்தை நோக்கித் தகட்டின் வழியே பக்கவாட்டு அலைகள் ஓடும். லாம்ப் அலைகள் என்று பெயர். முகத்தில் வளையம் வளையமாக ஏற்ற இறக்கம் வரும். எவ்வளவு நேர்த்தியாகச் செய்தாலும் முழுத்தகட்டுப் பீங்கான் படிகத்தில் இது இருந்தே தீரும். கம்பிகளாக அறுத்து எபாக்சி நிரப்பிய கூட்டுப்படிகங்களில் வெகுவாகக் குறையும்.

*

சர் சி.வி. ராமன் இந்தக் கணக்கில் இரண்டு இடங்களில் வருகிறார். இரண்டையும் யாரும் சேர்த்துச் சொல்லி நான் கேட்டதில்லை.

முதலாவது மிருதங்கம். 1920இல் சிவகாளி குமாருடன் சேர்ந்து 'நேச்சர்' இதழில் ஒரு சிறு கட்டுரை. பிறகு 1934இல் விரிவாக. சாதாரணத் தோல்பறையின் மேல்சுரங்கள் ஒன்றோடொன்று இசையாதவை. நடுவில் கரணை வைத்துக் கனமேற்றிய மிருதங்கத்தின் வலந்தலையில் அவை அழகாக இசைகின்றன. கனத்தை எங்கே, எவ்வளவு வைப்பது என்பதால் ஒரு பரப்பின் அசைவு எப்படி மாறுகிறது என்று காட்டிய வேலை அது. தோலின்மேல் மெல்லிய மணலைத் தூவி, மணல் எங்கே போய் ஒதுங்குகிறது என்று பார்த்தார். 1787இல் கிளாட்னி தகடுகளில் செய்த அதே உத்தி.

மணல் சொல்வது பாதிச் செய்தி. எங்கே அசையவில்லை என்று சொல்லும். அசையும் இரண்டு பகுதிகளில் ஒன்று மேலே போகும்போது இன்னொன்று கீழே போகிறதா, இரண்டும் சேர்ந்தே போகின்றனவா என்று சொல்லாது. ரேலியின் கூட்டலுக்கு அதுதான் முக்கியம். எவ்வளவு என்பது மட்டும் போதாது. எப்போது என்பதும் வேண்டும். ஒரே அளவு அசையும் இரண்டு முகங்கள், நேரம் மட்டும் மாறினால், முன்னால் முற்றிலும் வேறான புலங்களை எழுப்பும். ஒன்று நேராக அனுப்பும், இன்னொன்று சாய்த்து அனுப்பும். ஃபேஸ்டு அரே புரோப்கள் வேண்டுமென்றே செய்வது இதைத்தான்.

இரண்டாவது ராமன்–நாத். 1935, 36இல் நாகேந்திர நாத்துடன் எழுதிய தொடர் கட்டுரைகள். மீயொலி ஓடும் திரவத்தின் குறுக்கே ஒளியைச் செலுத்தினால், ஒலியின் நெருக்கமும் தளர்ச்சியும் ஒளிவிலகலை மாற்றுவதால் ஒளி பல கற்றைகளாகப் பிரிகிறது. 1932இலேயே அமெரிக்காவிலும் பிரான்சிலும் கண்டுவிட்டார்கள். சரியான விளக்கம் பெங்களூரிலிருந்து வந்தது. தண்ணீருக்குள் ஓடும் அழுத்தப் புலத்தைக் கண்ணால் பார்க்க இன்றும் பயன்படும் வழி அது. அதே விளைவு நம் அளவீட்டில் எப்படித் தொல்லை தருகிறது என்பதை அடுத்து எழுத வேண்டும்.

*

அளப்பது லேசர் வைப்ரோமீட்டர். முகத்தில் லேசரை விழவைத்து, திரும்பி வரும் ஒளியின் அலைவெண் எவ்வளவு மாறியிருக்கிறது என்று பார்க்கிறது. டாப்ளர் விளைவு. ஹீலியம்–நியான் லேசரின் சிவப்பு ஒளியில், நொடிக்கு 10 செ.மீ. வேகம் தரும் மாற்றம் சுமார் 316 கிலோஹெர்ட்ஸ். ஒளியின் அலைவெண்ணோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை. ஆனால் இரண்டு கற்றைகளைக் கலந்து பார்த்தால் தெளிவாக எண்ணிவிடலாம்.

காற்றில் வைத்து அளப்பது சுலபம். ஆனால் காற்றில் முகத்தின் மேல் சுமையே இல்லை. படிகம் நெடுநேரம் அதிர்ந்துகொண்டிருக்கும், பக்கவாட்டு அலைகளும் அடங்காமல் ஓடும். தண்ணீரில் வைத்தால் தண்ணீர் அந்த ஆற்றலை எடுத்துக்கொண்டு போய்விடும். இரண்டும் ஒரே புரோப்பின் இரண்டு வேறு நடத்தைகள். காற்றில் அளந்த வேகத்தை அப்படியே தண்ணீர்க் கணக்கில் போட்டால் வருவது நிஜத்தில் எங்கும் இல்லாத ஒரு புரோப்பின் புலம்.

சரி, தண்ணீர்த் தொட்டியில் வைத்து, கண்ணாடி வழியாக லேசரை அனுப்பலாம். இங்கேதான் ராமன்–நாத் குறுக்கே வருகிறது. லேசர் முகத்தை அடையும் முன் அந்த முகம் எழுப்பிய ஒலி வழியாகவே போக வேண்டும். ஒலி தண்ணீரின் ஒளிவிலகலை மாற்றிக்கொண்டிருக்கிறது. வைப்ரோமீட்டருக்கு முகம் நகர்ந்ததற்கும் வழியில் தண்ணீர் மாறியதற்கும் வேறுபாடு தெரியாது. இரண்டையும் கூட்டி முகத்தின் வேகம் என்று எழுதிவிடும். மாஸ்கோவின் சபோஷ்னிகோவும் பிரான்சின் கத்தினோலும் சகாக்களும் 2000க்குப் பிந்தைய ஆண்டுகளில் இதை விரிவாக ஆராய்ந்தார்கள். ஒரே புரோப்பை லேசராலும் அளந்து, தண்ணீருக்குள் ஒலியின் அழுத்தத்தை உணரும் ஹைட்ரோஃபோனாலும் அளந்து ஒப்பிட்டார்கள். லேசர் காட்டிய சில அசைவுகள் முகத்தில் இல்லவே இல்லை.

பிரிட்டனில் பேக்கன் வேறு வழி கண்டார். தண்ணீருக்குள் மிக மெல்லிய ஒரு படலத்தை விரித்து, ஒலி வந்து மோதும்போது அந்தப் படலத்தின் அசைவை லேசரால் அளந்தார். ஹைட்ரோஃபோன்களுக்கு அளவு நிர்ணயிக்கும் முறையாக அது நிலைபெற்றது.

எனக்குப் பிடித்தது மூன்றாவது வழி. ஹைட்ரோஃபோனை முகத்துக்குச் சற்று முன்னால் ஒரு தளத்தில் புள்ளி புள்ளியாக நகர்த்தி, அளவையும் நேரத்தையும் பதிவு செய்து, அங்கிருந்து கணக்கில் பின்னோக்கிப் போய் முகத்தின் வேகத்தைக் கண்டுபிடிப்பது. ஒலி ஹாலோகிராஃபி. பிறகு அதே வேகத்தை வைத்து எந்தப் பக்கம் வேண்டுமானாலும் முன்னோக்கிப் போகலாம். லேசருக்கு ஆகும் செலவும் இல்லை. பொறுமை மட்டும் வேண்டும். தொட்டியின் தண்ணீர் ஒரே வெப்பத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் அறை வெப்பத்தில் ஒரு டிகிரி ஏறினால் தண்ணீரில் ஒலி நொடிக்கு இரண்டரை மீட்டருக்கு மேல் வேகமாகப் போகும். மே மாதத்து அயனம்பாக்கத்தில் ஏ.சி. இல்லாத கொட்டகையில் இதைச் செய்ய நினைக்கக்கூடாது.

*

எத்தனை புள்ளி அளக்க வேண்டும்? அரை அலைநீளத்துக்கு ஒன்று. 5 மெகாஹெர்ட்ஸில் தண்ணீரில் அலைநீளம் 0.3 மி.மீ. ஆகவே 0.15 மி.மீ.க்கு ஒரு புள்ளி. 10 மி.மீ. வட்டத்துக்குள் சுமார் 3,500 புள்ளிகள்.

இன்னும் நெருக்கமாக அளந்தால் இன்னும் துல்லியம் என்று தோன்றும். இல்லை. அலைநீளத்தைவிட நுணுக்கமான கோலம் எதுவும் முகத்திலிருந்து வெளியே போகாது. முகத்தில் அடுத்தடுத்து மேலும் கீழுமாக நெருக்கமாக அசையும் பகுதிகள் தண்ணீரை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு அலைக்கழிக்குமே தவிர ஒலியாக அனுப்பாது. ஓர் அலைநீளத் தூரத்துக்குள் அந்த நுணுக்கம் அழிந்துவிடும். அதனால்தான் ஹாலோகிராஃபியில் பின்னோக்கிப் போகும்போதும் அலைநீளத்துக்கும் நுணுக்கமானதைத் திரும்பப் பெற முடியாது. பெற முயன்றால் கருவியின் இரைச்சல்தான் பெருகி வரும்.

கணினிக் கணக்கு பெரிதில்லை. 3,500 மூலப் புள்ளிகள், 80,000 புலப் புள்ளிகள், ஓர் அலைவெண்ணுக்கு 28 கோடிக் கூட்டல். வீட்டு லேப்டாப்புக்குச் சில நொடி வேலை. துடிப்பு என்றால் நூறு அலைவெண்களுக்குத் திருப்பிச் செய்ய வேண்டும், அதுவும் ஒரு டீ குடித்து வரும் நேரம்தான். டென்மார்க்கில் யென்சன் எழுதிய ஃபீல்ட் டூ, லண்டனில் டிரீபியும் காக்ஸும் எழுதிய கே-வேவ் ஆகிய இரண்டு நிரல்களும் எவரும் இறக்கிக்கொள்ளக் கிடைக்கின்றன. தடை கணக்கில் இல்லை. முகத்தின் அளவீடு கையில் இல்லாததுதான் தடை.

*

வானகரம்–அம்பத்தூர் சாலையில், அயனம்பாக்கத்திலேயே, அப்போலோ மருத்துவமனை இருக்கிறது. அதைச் சுற்றி ஸ்கேன் எடுக்கும் இடங்களும் பெருகிவிட்டன. எதிர்வீட்டு அம்மா மருமகளைக் கூட்டிக்கொண்டு ஸ்கேனுக்குப் போய் வந்தவர் கேட்டார்:

"ஏன் தம்பி, நீங்க இந்த மிஷின் வேலதான பாக்கறீங்க? மாசமா இருக்கிற பொண்ணுக்கு அடிக்கடி எடுத்தா கொழந்தைக்கு ஒண்ணும் ஆவாதே?"

"டாக்டர் சொல்ற அளவுக்கு எடுத்தா பயமில்லம்மா. எவ்ளோ போவுதுன்னு அந்தத் திரையிலயே நம்பர் வரும்."

"அப்டியா? நான் கொழந்த மொகத்ததான் பாத்துனு இருந்தேன்."

அந்த எண்களைப் பற்றி அவருக்குச் சொன்னதைவிடச் சற்று விரிவாக இங்கே. எம்.ஐ. என்பது ஒலியின் இழுப்பு அழுத்தத்தின் உச்சத்தை மெகாபாஸ்கலில் எடுத்து, அலைவெண்ணின் வர்க்கமூலத்தால் வகுத்தது. டி.ஐ. என்பது சூடேறுவதைக் குறிக்கும். அமெரிக்க எஃப்.டி.ஏ. வைத்த உச்சவரம்பு எம்.ஐ. 1.9, கண்ணுக்கு 0.23 மட்டுமே. 4 மெகாஹெர்ட்ஸில் 1.9 என்பது 3.8 மெகாபாஸ்கல், கிட்டத்தட்ட 38 வளிமண்டலம். அது எல்லை. கர்ப்பகால ஸ்கேனில் பொதுவாக அதைவிடக் குறைவாகவே வைக்கிறார்கள். தேவைக்கு மேல் ஒரு நொடியும் கூடாது என்பது மருத்துவச் சங்கங்கள் பரவலாக ஏற்ற விதி.

அந்த எண்ணை உடம்புக்குள் யாரும் அளப்பதில்லை. தண்ணீர்த் தொட்டியில் ஹைட்ரோஃபோனால் அளந்து, உடம்பு ஒலியை உறிஞ்சும் என்பதற்காகச் சென்டிமீட்டருக்கும் மெகாஹெர்ட்ஸுக்கும் 0.3 டெசிபெல் வீதம் கழித்துப் போடுகிறார்கள். இவ்வளவு பெரிய அழுத்தங்களில் ரேலியின் எளிய கூட்டலும் தடுமாறும். நெருக்கப்பட்ட பகுதி சற்று வேகமாகவும் தளர்ந்த பகுதி சற்று மெதுவாகவும் ஓடுவதால் அலையின் முன்பக்கம் செங்குத்தாகிவிடும். அதற்கு வேறு சமன்பாடுகள் உண்டு. ஆனால் அவற்றையும் தொடங்க முகத்தின் வேகம் தெரிய வேண்டும். குறைந்த அளவில் ஹாலோகிராஃபி எடுத்து, அதை ஏற்றிப் பெரிய அளவுக்குக் கணக்கிடுவதே இப்போது நம்பகமான வழி.

2009இல் வெளியான ஓர் ஆய்வுக்காக ஸ்வீடனில் 32 மருத்துவமனைகளில் அன்றாடம் பயன்பட்டுக்கொண்டிருந்த 676 புரோப்களைச் சோதித்தார்கள். ஏறத்தாழ நாற்பது சதவீதத்தில் ஏதோ ஒரு பழுது. நூற்றுக்கு மேற்பட்ட துண்டுகள் வரிசையாக உள்ள புரோப்பில் நான்கைந்து செத்துப்போனாலும் படம் வரும். பார்க்க நன்றாகவே இருக்கும். புலம்தான் மாறியிருக்கும். இந்த ஆய்வை நான் பலருக்குக் காட்டியிருக்கிறேன், இன்னும் காட்டுவேன். நம் ஊரில் தராசுக்கு முத்திரை போட ஆள் வருகிறார். புரோப்பின் முகத்தை ஆண்டுக்கொருமுறை பார்க்க ஆள் வர வேண்டும்.

*

கல்பாக்கம்.

இந்தக் கணக்கு உயிர்போகிற அளவுக்குத் தேவைப்படும் இடம் தமிழ்நாட்டில் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன். சென்னைக்குத் தெற்கே சுமார் 70 கி.மீ., கடலோரம். இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம். அங்குள்ள வேக ஈனுலைகளில் வெப்பத்தைக் கொண்டுபோவது தண்ணீர் அல்ல, உருகிய சோடியம். வெள்ளி போல மின்னும். ஒளி ஊடுருவாது. உலைக்குள் எரிபொருளை மாற்றும்போது உள்ளே என்ன இருக்கிறது என்று கண்ணால் பார்க்க வழியே இல்லை.

பார்க்க முடியாததன் விலை அங்கே தெரியும். சோதனை ஈனுலை 1985 அக்டோபரில் இயங்கத் தொடங்கியது. 1987 மே மாதம் எரிபொருள் கையாளும்போது ஒரு விபத்து: எரிபொருள் கட்டும் அதை வழிநடத்தும் குழாயும் வளைந்துவிட்டன. சீர்செய்து மீண்டும் ஓட்ட இரண்டு ஆண்டுகள் ஆயின. அடுத்ததாகக் கட்டிய 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலைக்கு, சோடியத்துக்குள் இறங்கி மீயொலியால் பார்க்கும் ஸ்கேனரை மையமே உருவாக்கியது. உலையின் மேல்மூடி சுழல்வதற்கு முன் உலைக்கருவுக்கு மேலே எதுவும் துருத்திக்கொண்டு நிற்கவில்லை என்று உறுதி செய்யும் கருவி. அந்த உலையின் கருவை நிரப்பும் பணி 2024 மார்ச்சில் தொடங்கியது.

அந்தப் புரோப்பின் நிலையை எண்ணிப் பார்க்கிறேன். சுமார் 200 டிகிரி செல்சியஸ். படிகம் தன் அழுத்தமின் பண்பை இழக்கும் வெப்பத்துக்கு இன்னும் இடைவெளி இருக்கிறது. ஆனால் பசைகள் பல தாங்காது. அங்கே சோடியத்தில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 2,480 மீட்டர். தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். தண்ணீர்த் தொட்டியில் 84 மி.மீ.யாக இருந்த அண்மைப் புலம் இங்கே 50 மி.மீ. வீட்டில் பழகிய புலம் அங்கே போகும்போது வேறு புலமாகிவிடுகிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் ஈரமாதல். முகத்தைச் சோடியம் நன்றாக நனைக்க வேண்டும். ஆக்சைடு படலம் இருந்தாலோ சோடியத்துக்கு மேலே நிரப்பியுள்ள ஆர்கான் வாயு மெல்லிய படலமாக ஒட்டியிருந்தாலோ, அந்த இடத்தில் ஒலி அப்படியே திரும்பிவிடும். முகம் அசையும், சோடியம் அசையாது. அதனால் முகத்தில் நிக்கல் பூச்சு, மெருகு, நனைவதற்காகச் சூட்டில் ஊறவைத்தல் என்று பாடுபடுகிறார்கள்.

கணக்கில் இதை எழுதுவது நேரடியானது: நனையாத இடங்களில் வேகத்தைச் சுழி என்று வைத்துக் கூட்ட வேண்டும். முகத்தில் பத்தில் ஒரு பங்கு நனையவில்லை என்றால் அழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறையும் என்பதோடு முடிவதில்லை. நனையாத பகுதி விளிம்பில் இருக்கிறதா, நடுவில் இருக்கிறதா, சிதறியிருக்கிறதா என்பதைப் பொறுத்துக் கற்றையின் வடிவே மாறும். ஒரு பக்க விளிம்பில் இருந்தால் கற்றையின் மையம் மறுபக்கம் நகரும். அப்போது எதிரொலி வந்த இடமும் நகர்ந்ததாகத் தெரியும். சோடியத்துக்குள் லேசரால் முகத்தை அளக்க முடியாது. எனவே வெளியே அளந்து, உள்ளே கணக்கிட்டு, திரும்பி வரும் எதிரொலியோடு ஒப்பிட்டு எது நனையவில்லை என்று ஊகிக்க வேண்டும். இவ்வளவு கடினமான சூழலில் இவ்வளவு நுட்பமான வேலையைச் செய்தவர்கள் நம்மோடு அதே பேருந்துகளில் போகிறவர்கள். அவர்களைப் பற்றித் தமிழில் எழுதியது எதுவும் என் கண்ணில் படாதது எனக்கு வருத்தம்.

அந்த மையத்தின் இயக்குநராக இருந்த பல்தேவ் ராஜ், ஜெயக்குமார், தவசிமுத்து மூவரும் எழுதிய சிதைக்காச் சோதனைக் கையேடு அம்பத்தூர்ப் பக்கத்து யூ.டி. ஆட்கள் பலரிடம் ஒளிநகலாக இருக்கும். தேர்வுகள் நடத்தும் இந்தியச் சிதைக்காச் சோதனைச் சங்கத்தின் தலைமையகம் கிண்டியில். ஐ.ஐ.டி. சென்னையில் கிருஷ்ணன் பாலசுப்ரமணியம் கட்டியெழுப்பிய சிதைக்காச் சோதனை மையம். இவ்வளவும் ஒரு நகரப் பேருந்துப் பயணத் தூரத்தில்.

*

அம்பத்தூர்–ஆவடித் தண்டவாளம். காலையில் மீயொலியால் விரிசல் தேடும் யூ.எஸ்.எஃப்.டி. தள்ளுவண்டி போகும். தண்ணீர்க் கேனிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், அதன் மேல் வழுக்கிச் செல்லும் புரோப்கள்: நேராகப் பார்க்கும் ஒன்று, முன்னும் பின்னும் 70 டிகிரி சாய்ந்து பார்ப்பவை. தண்டவாளத்தின் தலைக்குள் குறுக்கே ஓடும் விரிசலைப் பிடிப்பது அந்த 70 டிகிரிதான்.

அந்தப் புரோப்பின் முகத்தை எப்படி அளப்பது? நேர்ப் புரோப்பைப் போல எளிதில்லை. படிகம் ஒரு பெர்ஸ்பெக்ஸ் ஆப்பின் மேல் சாய்ந்து ஒட்டியிருக்கிறது. ஆப்புக்குள் ஏறத்தாழ 53 டிகிரியில் வரும் நெட்டலை, எஃகுக்குள் 70 டிகிரியில் குறுக்கலையாக மாறுகிறது. ஆப்பின் அடிப்பரப்பைக் காற்றில் வைத்து லேசரால் அளந்தால், அங்கே ஒலி முழுவதும் திரும்பிவிடுவதால், எஃகின் மேல் வைக்கும்போது இருக்கும் அசைவு கிடைக்காது.

ஆகவே மறுபக்கத்திலிருந்து வர வேண்டும். அரைவட்ட எஃகுக் கட்டையின் தட்டை முகத்தின் நடுவில் புரோப்பை வைத்து, வளைந்த பக்கத்தைச் சுற்றி வந்து அளப்பது. ஒலி எங்கு போனாலும் வளைவுக்குச் செங்குத்தாகத்தான் வந்து சேரும். இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. செங்குத்தாக வந்து சேரும் குறுக்கலை பரப்பைப் பக்கவாட்டில்தான் அசைக்கும். உள்ளே வெளியே அசைக்காது. நேராகப் பார்க்கும் சாதாரண வைப்ரோமீட்டருக்கு அது தெரியவே தெரியாது. ஒன்று, மூன்று திசையிலிருந்து பார்க்கும் லேசர் வேண்டும். அல்லது பக்கவாட்டு அசைவை உணரும்படி காந்தமும் சுருளும் வைத்துச் செய்த ஈமாட் புரோப் வேண்டும். ஈமாட்டுக்கு எண்ணெயோ ஜெல்லோ தேவையில்லை, தொட வேண்டியதும் இல்லை. அதனால் அளவுக்கு அளவு மாறாது. குறை, அதன் சுருள் பெரிது. குறுக்கலையின் அலைநீளம் 2 மெகாஹெர்ட்ஸில் 1.6 மி.மீ. அரை அலைநீளத்துக்கு ஒரு புள்ளி என்ற விதிப்படி 0.8 மி.மீ.க்குள் அடங்கும் சுருள் சுற்ற வேண்டும், அல்லது 100 மி.மீ. ஆரத்துக்குப் பதில் 200 மி.மீ. ஆரக் கட்டை எடுத்துக் கற்றையை விரியவிட்டு அளக்க வேண்டும். கட்டைக்கு எஸ்டேட்டில் லேத் வைத்திருப்பவரிடம் சொல்லியிருக்கிறேன். ஃபோர்ஜிங் எஃகுதான் வேண்டும், வார்ப்பு வேண்டாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். வார்ப்பில் மணிகள் பெரிது, ஒலி சிதறிவிடும்.